பழைய டிராக்டருக்குப் புதுப் பெயிண்ட் வேண்டாம்

ஆழ்வார்பேட்டையில் இரண்டாவது மாடியில் உட்கார்ந்துகொண்டு டிராக்டரின் பெயிண்டைப் பற்றி எழுத இவனுக்கு என்ன வந்தது என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் தெருவில் டிராக்டரைப் பார்ப்பதே அபூர்வம். கோடையில் குழாயில் தண்ணீர் நின்றுபோனால், தொட்டியை இழுத்துக்கொண்டு ஒன்று வரும், அவ்வளவுதான். இருந்தாலும் எழுதுகிறேன். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உழைத்து ஓய்ந்த ஒரு பழைய டிராக்டரில், கம்பெனியில் அடித்த பெயிண்ட் பாதியாவது மிச்சம் இருந்தால், அதைச் சுரண்டிவிட்டுப் புதுப் பெயிண்ட் அடிக்கக் கூடாது. இருக்கிறதைச் சுத்தம் செய்து, காப்பாற்றி, அப்படியே வைத்துக்கொள்ள வேண்டும்.

என் தங்கையைப் புதுச்சேரிக்குத் தெற்கே பாகூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் கொடுத்திருக்கிறோம். நெல்லும் கரும்பும் விளைகிற பூமி. அவள் கணவர், என் மச்சான், எழுபதுகளின் நடுவில் ஒரு சிவப்பு மாசே பெர்குசன் டிராக்டர் வாங்கினார். அந்தத் தெருவுக்கு அதுதான் முதல் டிராக்டர். முப்பது வருஷத்துக்கு மேல் சேடை ஓட்டியது, கரும்பு இழுத்தது, கல்யாணத்துக்கு ஆள் ஏற்றிப் போனது. அவர் காலமாகிச் சில வருஷங்கள் ஆகின்றன. வண்டி கொட்டகையில் நிற்கிறது. என் மருமகன், அதாவது தங்கை பிள்ளை, அதைப் புதுசாக்கி வீட்டு வாசலில் நிறுத்த வேண்டும் என்று ஆசைப்படுகிறான். அப்பா நினைவாக. பக்கத்து ஊர் பெயிண்டர் 25,000 ரூபாய் கேட்டிருக்கிறார்.

"மாமா, ரெண்டு கோட்டு அடிச்சா புது வண்டி மாதிரி ஆயிடும். இப்பிடிக் கெடந்தா ஊர்ல என்னா நெனப்பாங்க, அப்பா வண்டிய அம்போன்னு உட்டுட்டான்னுதானே?" என்கிறான். அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. பிள்ளை அப்பாவுக்குச் செய்ய நினைக்கிற மரியாதை அது. வேண்டாம் என்று சொல்கிறவன்தான் காரணம் சொல்ல வேண்டும்.

நான் முப்பத்தைந்து வருஷம் அரசு அலுவலகத்தில் எழுத்து வேலை பார்த்தவன். பணிப் பதிவேட்டைக் கையாண்டவர்களுக்கு ஒரு விதி தெரியும். பதிவு தப்பாக இருந்தால் அதைச் சுரண்டக் கூடாது, ஒயிட்னர் பூசக் கூடாது. ஒரே ஒரு கோடு போட்டு அடித்து, மேலே சரியானதை எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பமும் தேதியும் போட வேண்டும். அடித்த எழுத்து கீழே படிக்கத் தெரிய வேண்டும். பக்கம் அழுக்காக இருக்கிறது என்பதற்காக யாராவது அழகாக மறுபடி எழுதி, பழைய பக்கத்தைக் கிழித்துப் போட்டால் அவருக்கு மெமோ வரும். புதுப் பக்கம் எத்தனை அழகாக இருந்தாலும் அது நகல்தான். ஓய்வூதியத்துக்குக் கணக்கு எடுக்கும்போது செல்லுபடியாவது அழுக்குப் பக்கம்.

மச்சானின் டிராக்டர் அவருடைய பணிப் பதிவேடு. போன பொங்கலுக்குப் போனபோது ஒரு காலை முழுவதும் அதைச் சுற்றி வந்து பார்த்தேன். பானெட்டின் மேல்பக்கம் வெயில் பட்டு, சிவப்பு வெளுத்து ரோஜா நிறமாகி, தொட்டால் விரலில் பொடியாக ஒட்டுகிறது. சீட்டுக்கு அடியில் மட்டும் வெயில் படாமல், வாங்கிய அன்று இருந்த சிவப்பு அப்படியே இருக்கிறது. இடது மட்கார்டின் விளிம்பில் ஒரு சாண் நீளத்துக்குப் பெயிண்ட் போய் இரும்பு பளபளக்கிறது. ஏறும்போது அவர் கை பிடிக்கிற இடம் அது. டீசல் ஊற்றுகிற மூடியைச் சுற்றி ஒரு கறை. வலது மட்கார்டில் "திரௌபதி அம்மன் துணை" என்று ஒரு போர்டு ஆர்ட்டிஸ்ட் மஞ்சளில் எழுதி, கறுப்பில் நிழல் கொடுத்திருக்கிறார். அதன் கீழே சின்ன எழுத்தில் என் தங்கையின் பெயர். பாதி அழிந்திருக்கிறது, படிக்க முடிகிறது. இதை அடித்த கை இப்போது இல்லை. இந்த மாதிரி எழுதத் தெரிந்தவர்களையும் பிளக்ஸ் பேனர் வந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டது. பெயிண்டர் இதை ஸ்டிக்கரில் வெட்டி ஒட்டித் தருகிறாராம்.

அந்த டிராக்டரின் நிறத்துக்கே ஒரு சரித்திரம் உண்டு. பலருக்குத் தெரியாது என்பதால் சொல்கிறேன். ஹாரி பெர்குசன் என்கிற அயர்லாந்துக்காரர் 1946-இல் இங்கிலாந்தின் கவென்ட்ரியில் ஒரு சின்ன டிராக்டரைத் தயாரிக்க ஆரம்பித்தார். உடம்பு முழுக்கச் சாம்பல் நிறம். அதைக் கட்டிக் கொடுத்தது ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி. நம் வண்டலூர்ப் பக்கம் ஹெரால்டு கார் செய்தார்களே, அவர்களுக்குத் தாய்க் கம்பெனி. கனடாவில் மாசே ஹாரிஸ் என்று இன்னொரு கம்பெனி. அவர்கள் டிராக்டர் சிவப்பு. 1953-இல் இரண்டும் ஒன்றாகச் சேர்ந்தன. 1957-இன் கடைசியில் வந்த எம்.எப். 35 மாடலில் தகரம் சிவப்பு, எஞ்சின் சாம்பல். அதாவது சிவப்பு ஒரு வீட்டுச் சீதனம், சாம்பல் இன்னொரு வீட்டுச் சீதனம். 1960-இல் சென்னையில் டாஃபே தொடங்கி, அந்தக் கூட்டில் செம்பியத்தில் டிராக்டர் செய்தபோது அந்த இரட்டை நிறமும் கூடவே வந்தது. அந்தக் காலத்தில் நம் வயல்களில் ஓடிய எத்தனையோ சிவப்பு டிராக்டர்கள் பெரம்பூருக்குப் பக்கத்தில் பிறந்தவை. ஆழ்வார்பேட்டைக்காரன் டிராக்டரைப் பற்றிப் பேச இந்த உறவு ஒன்று போதாதா?

இப்போது கிராமத்துப் பெயிண்டர் என்ன செய்வார்? கடையில் கிடைக்கிற சிவப்பை வாங்கி, எஞ்சின், கியர் பாக்ஸ், ரிம் என்று பார்க்காமல் கம்ப்ரசரால் அடித்துவிடுவார். சிவப்பில் எத்தனை சிவப்பு! சீட்டுக்கு அடியில் இருக்கிற சிவப்பில் லேசாக ஒரு பழுப்பு ஓடுகிறது. கடைச் சிவப்பு தக்காளி சாஸ் மாதிரி இருக்கும். சாம்பல் எஞ்சின் காணாமல் போய்விடும்.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். அந்த மொழியில் பழைய சாமான் வியாபாரிகள் சொல்கிற ஒரு பேச்சு உண்டு: "தான் சோன் ஜூ". தன் சாற்றிலேயே இருக்கிறது என்று அர்த்தம். எலுமிச்சை ஊறுகாய் தன் சாற்றிலேயே ஊறுகிறதே, அதுபோல. பாலிஷ் போடாத அலமாரி, பெயிண்ட் மாற்றாத சைக்கிள், துணி மாற்றாத நாற்காலி, எல்லாவற்றுக்கும் இதைச் சொல்வார்கள். கேட்டவர் விலையைக் குறைக்க மாட்டார், ஏற்றுவார். 2015 பிப்ரவரியில் பாரிஸில் ஒரு ஏலம் நடந்தது. மேற்குப் பிரான்சில் ஒரு பண்ணையில் பல பத்து வருஷம் கேட்பாரற்றுக் கிடந்த கார்கள். அதில் ஒன்று, நடிகர் அலென் தெலோன் ஒரு காலத்தில் வைத்திருந்த ஃபெராரி. பழைய பத்திரிகைக் கட்டுகளுக்கு அடியில் கிடந்தது. துடைத்து மினுக்காமல், கிடந்த கோலத்திலேயே ஏலத்துக்குக் கொண்டுவந்தார்கள். ஒரு கோடியே அறுபது லட்சம் யூரோவுக்கு மேல் போயிற்று. நம் பணத்தில் 100 கோடிக்கு மேல். என் மருமகனிடம் இதைச் சொன்னபோது, "அப்போ நம்ம வண்டி எவ்ளோ மாமா போவும்?" என்றான். அதைக் காயலான் கடைக்காரர்தான் சொல்வார் என்றேன்.

பணக்காரர்களின் பைத்தியம் என்று இதைத் தள்ள வேண்டாம். ஃபீவா என்று பழைய வாகனங்களுக்கான சர்வதேசக் கூட்டமைப்பு ஒன்று இருக்கிறது. அவர்கள் 2012-இல் இத்தாலியின் தூரின் நகரத்தில் ஒரு சாசனமே எழுதினார்கள். புதுப்பிப்பதைவிடப் பாதுகாப்பது முதன்மை, கை வைத்தால் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது, என்ன செய்தாலும் எழுதி வை என்பதுதான் அதன் சாரம். அமெரிக்காவில் வீட்டுப் புல்வெளியைச் சீர் செய்யக் குட்டி டிராக்டர் வைத்திருப்பார்கள், தோட்டத்து டிராக்டர் என்று பெயர். ஜான் டீர் கம்பெனி 1963-இல் 110 என்று ஒன்றைக் கொண்டுவந்தது. அந்தக் காலத்துக் குட்டி வண்டிகளை இன்றும் வெளுத்த பச்சையோடும் மஞ்சளோடும் மெழுகு போட்டுக் காப்பாற்றுகிற ஆட்கள் அங்கே இருக்கிறார்கள்.

வெளிநாட்டுக்கே போக வேண்டாம். காஞ்சிபுரம் கைலாசநாதர் கோயிலில் பல்லவர் ஓவியம் இருப்பதை 1931-இல் கண்டவர் ழுவோ துப்ரேய், எங்கள் புதுச்சேரிக் கொலேழ் கொலோனியாலில் வாத்தியாராக இருந்தவர். பிற்காலத்தில் பூசிய பூச்சுக்கும் வெள்ளைக்கும் அடியில் அவை மறைந்திருந்தன. அதே வருஷம் தஞ்சைப் பெரிய கோயிலில் நாயக்கர் காலத்து ஓவியத்துக்கு அடியில் சோழர் ஓவியம் இருப்பதை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து எஸ்.கே. கோவிந்தசாமி கண்டார். மேலே பூசியவர்கள் கெட்டவர்கள் இல்லை. கோயிலை அழகாக்குகிறோம் என்றுதான் பூசியிருப்பார்கள்.

இதைச் சொன்னதும் மருமகன் மடக்கினான். "அப்போ மேல பூசினதாலதானே மாமா கீழ பத்திரமா இருந்துச்சு? நம்மளும் மேல அடிச்சு வெப்போம். பின்னாடி வர்றவன் சுரண்டிப் பாத்துக்கட்டும்."

பையன் கெட்டிக்காரன். ஆனால் சுண்ணாம்பு அடிக்கிறவர் சுவரைத் தேய்த்து எடுத்துவிட்டு அடிப்பதில்லை. வண்டிப் பெயிண்டர் உப்புத்தாளில்தான் ஆரம்பிப்பார். தேய்த்து, டிங்கர் தட்டி, பட்டி பார்த்து, மறுபடி தேய்த்து, ரெட் ஆக்சைடு அடித்து, பிறகுதான் நிறம். வேலை தெரிந்த பெயிண்டராக இருந்தால் கீழே ஒன்றும் மிஞ்சாது. வேலை தெரியாதவராக இருந்தால் கொஞ்சம் மிஞ்சும், ஆனால் இரண்டாவது மழைக்கே மேல் பெயிண்ட் தோல் உரியும். அந்தக் காலத்துப் பெயிண்டில் ஈயம் கலப்பது சகஜம் என்பதையும் மறக்க வேண்டாம். வீட்டுப் பெயிண்டிலேயே அதற்குக் கடுமையான வரம்பு நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில்தான். பேரப் பிள்ளைகள் விளையாடுகிற வாசலில் அந்தத் தூளைப் பறக்கவிடுவது எனக்குச் சம்மதம் இல்லை.

கும்பாபிஷேகத்துக்குக் கோபுரத்துக்குப் பஞ்சவர்ணம் தீட்டுகிறோமே, அது மட்டும் சரியா என்று என் சம்பந்தி கேட்டார். சரிதான். கபாலி கோயில் கோபுரம் புது வர்ணத்தில் நிற்பதைப் பார்க்க எனக்கும் பிடிக்கும். கோபுரத்துச் சுதை வெயில் மழைக்கு நிற்பது, புதுப்பிக்க வேண்டும் என்று தெரிந்தே செய்தது, அதற்கென்று முறை தெரிந்த ஆட்களும் இருக்கிறார்கள். உள்ளே இருக்கிற உற்சவருக்கு யாரும் ஏஷியன் பெயிண்ட்ஸ் அடிப்பதில்லை. எழும்பூர் அருங்காட்சியகத்தில் 1930-லேயே பரமசிவன் என்ற வேதியியல் அறிஞரை நியமித்து, செப்புத் திருமேனிகளை அரிப்பிலிருந்து காப்பாற்ற ஆய்வகம் வைத்தார்கள். அரிப்பை நிறுத்துவதும் பழசைப் புதுசாக்குவதும் வேறு வேறு வேலை என்பது நம் ஊருக்குத் தெரியாத விஷயம் இல்லை.

சரி, என்ன செய்வது? படித்ததிலும் இரண்டு மூன்று மெக்கானிக்குகளிடம் கேட்டதிலும் எனக்குப் புரிந்ததைச் சொல்கிறேன். வாட்டர் சர்வீஸுக்கு விடக் கூடாது. அந்தத் தண்ணீர் வேகத்தில் கம்பெனி ஸ்டிக்கர் கிழியும், எழுந்து நிற்கிற பெயிண்ட் பறக்கும், பேரிங்குக்குள் தண்ணீர் போகும். மெல்லிய பிரஷ்ஷால் தூசி தட்டி, கொஞ்சம் சோப்புத் தண்ணீரில் பருத்தித் துணியை நனைத்துப் பிழிந்து, கண்ணுக்குத் தெரியாத ஒரு மூலையில் முதலில் துடைத்துப் பார்க்க வேண்டும். நிறம் போகவில்லை என்றால் மற்ற இடம். கிரீஸ் பிசுக்குக்குத் துணியில் கொஞ்சம் மண்ணெண்ணெய் போதும் (கிடைத்தால், ரேஷன் கடையில் அதைப் பார்த்து எத்தனை நாளாயிற்று!). தின்னரைக் கிட்டே கொண்டுபோகக் கூடாது, அழுக்கோடு பெயிண்டையும் கரைத்து எடுத்துவிடும். கம்பி பிரஷ், பாத்திரம் தேய்க்கிற கம்பி நார் இரண்டும் பெயிண்ட் பக்கமே வரக் கூடாது.

துணியில் சிவப்பு ஒட்டுகிறதே என்று பயப்பட வேண்டாம். வெயிலில் பெயிண்டின் பசை செத்துப்போய், நிறப்பொடி மட்டும் மேலே நிற்கிறது. மிக நைசான பாலிஷ் ஒன்றால் லேசாக ஒரு தடவை தேய்த்தால் பொடி போய், கீழே உயிருள்ள சிவப்பு வரும். ஆனால் ஒவ்வொரு தேய்ப்பும் பெயிண்டில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டுதான் போகும். பளபளப்பு வருகிறதே என்று ஆசையில் தேய்த்துக்கொண்டே போனால் விளிம்புகளில் இரும்பு சிரிக்கும். எழுத்து இருக்கிற இடத்தில் பாலிஷே கூடாது. அதற்கு மேல் கார் மெழுகு. வருஷத்துக்கு இரண்டு முறை போதும். மெழுகில் எனக்குப் பிடித்தது, நாளைக்கு வேண்டாம் என்றால் துடைத்து எடுத்துவிடலாம்.

ஆளி விதை எண்ணெய் தடவு, கறுத்துப் பளபளக்கும் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு உடன்பாடு இல்லை. நாளாக ஆக அது மஞ்சளடித்துப் பிசுபிசுக்கும், தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அந்த எண்ணெய்த் துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் தானாகச் சூடேறித் தீப்பிடிக்கவும் செய்யும், வைக்கோல் இருக்கிற கொட்டகையில் இது விளையாட்டில்லை. வார்னிஷ் மாதிரிக் கண்ணாடிப் பூச்சு அடிப்பது அதைவிட மோசம். முதல் ஆறு மாதம் பிரமாதமாக இருக்கும். உள்ளே துரு தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும், பிறகு பூச்சு உரியும்போது பழைய பெயிண்டையும் கூடவே உரித்துக்கொண்டு வரும்.

"துரு பிடிச்சுப் போயிடுமே" என்பதுதான் மருமகனின் பெரிய கவலை. பாகூர்ப் பக்கம் கடற்காற்று உண்டு, அந்தக் கவலை நிஜம். ஆனால் வெளியில் நிற்கிற வண்டியை உப்பும் ஈரமும் தின்பதைப் புதுப் பெயிண்ட் ரொம்ப நாள் தடுக்காது, நல்ல கொட்டகை தடுக்கும். கூரை வேண்டும், காற்றும் வேண்டும். சக்கரம் மண்ணில் புதையாமல் பலகை மேல் நிற்க வேண்டும். பிளாஸ்டிக் தார்ப்பாயை இறுக்கிக் கட்டினால் இரவு ஈரம் உள்ளேயே வேர்த்து, திறந்து வைத்ததைவிடச் சீக்கிரம் துரு ஏறும். பழைய பருத்தி வேட்டி போர்த்தினால் போதும். மட்கார்டின் அடி விளிம்பில், சேற்றுத் தண்ணீர் நின்ற இடத்தில், நிஜமாகவே ஓட்டை விழுந்திருக்கிறது. அங்கே மட்டும் வெட்டி ஒட்டிப் பெயிண்ட் வைக்கலாம். அதையும் பழைய நிறத்தைவிடக் கொஞ்சம் மங்கலாக வைத்தால், கிட்டே போய்ப் பார்க்கிறவருக்கு இது பிற்சேர்க்கை என்று தெரியும். நான் சொன்ன சுருக்கொப்பம் இதுதான்.

ஆயுத பூஜை பற்றியும் ஒரு வார்த்தை. வெளுத்த பெயிண்டில் குங்குமச் சாயம் ஏறினால் இறங்காது. சந்தனம் குங்குமத்தை டயரில் வைத்தால் அம்மன் கோபித்துக்கொள்ள மாட்டாள்.

இன்னும் வயலுக்குப் போகிற வண்டிக்கு இதெல்லாம் பொருந்தாது. அது உழைக்கிற வண்டி, அதற்கு என்ன வேண்டுமோ செய்துகொள்ளுங்கள். ஏற்கெனவே இரண்டு முறை பெயிண்ட் மாறிய வண்டிக்கும் நான் குறுக்கே நிற்க மாட்டேன். பிரேக், ஸ்டியரிங் போன்றவற்றில் பழசு என்று பக்தி காட்டவும் வேண்டாம். நான் பேசுவது ஓய்வு பெற்ற, முதல் சட்டையைக் கழற்றாத வண்டிகளைப் பற்றி. அவை நம் ஊர்களில் இன்னும் எத்தனை மிச்சம் இருக்கப் போகின்றன?

தங்கை இந்தச் சண்டையில் அதிகம் பேசவில்லை. "அந்தக் கை புடிக்கிற எடத்துல மட்டும் பெயிண்டு வேணாம்டா" என்று பிள்ளையிடம் ஒரு நாள் சொன்னாளாம். அதற்குப் பிறகு பெயிண்டரிடம் தை மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லி வைத்திருக்கிறான். முழுக்கச் சம்மதித்துவிட்டான் என்று சொல்ல மாட்டேன்.

நான் ஒரு 80 பக்க நோட்டு வாங்கி, கோடு போட்டு, தேதி, இடம், செய்த வேலை, கையொப்பம் என்று நான்கு பத்தி பிரித்துக் கொடுத்திருக்கிறேன். எதையும் தொடுவதற்கு முன் நான்கு பக்கமும் போட்டோ எடுக்கச் சொன்னேன், எடுத்திருக்கிறான். இதுவரை இரண்டு பதிவுகள். ஒன்று: வலது மட்கார்டு, ஈரத் துணி, சோப்பு, எழுத்தைத் தொடவில்லை. இரண்டு: பானெட்டின் மேல் அடைகிற கோழிகளுக்கு வேறு இடம் செய்து கொடுத்தது. இரண்டாவது பதிவில் கையொப்பம் என் தங்கையுடையது.